வெளியில் சாப்பிடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியில் சாப்பிடுவதில் எனக்குள்ள ஆசை தெரிந்தவர்கள், கிளம்பும்போது ஒரு போன் போட்டு ஏதாவது கேட்பார்கள். சாப்பிட்டு வந்த பிறகும் கேட்பார்கள், குறிப்பாக வயிறு சரியில்லை என்றால். கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை விட்டு இறங்கிய சாப்பாடு உங்கள் வாய்க்கு வர எவ்வளவு நேரம் ஆனது, அந்த நேரம் முழுக்க அது எந்தச் சூட்டில் இருந்தது? ருசி, சுத்தம், பார்சல் எல்லாமே கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

"புது ஊரு. எந்தக் கடையில சாப்பிடறதுன்னே தெரியல. எதை வெச்சு முடிவு பண்றது?"

கூட்டத்தை வைத்து. பழைய யோசனைதான், ஆனால் காரணம் தெரிந்தால் இன்னும் நன்றாகக் கைகொடுக்கும். கூட்டம் இருக்கும் கடையில் பாத்திரம் சீக்கிரம் காலியாகும், அடுத்த ஈடு நேராக அடுப்பிலிருந்து வரும். காலையில் வாங்கிய காய் மாலைக்குள் தீர்ந்துவிடும். ஆள் வராத கடையில் எவ்வளவு கைதேர்ந்த சமையல்காரர் இருந்தாலும், அவர் செய்தது காத்துக் கிடக்கும். காத்துக் கிடக்கும் சாப்பாட்டில் முதலில் ருசி போகும், அப்புறம் பாதுகாப்பும் போகும்.

எப்படிப்பட்ட கூட்டம் என்பதையும் கவனியுங்கள். பேருந்து நிலைய வாசலிலும் சுற்றுலாத் தலங்களிலும் உள்ள கடைகளுக்கு ஒருவர் பெரும்பாலும் ஒரு முறைதான் வருவார். சாப்பாடு மோசமாக இருந்தாலும் நாளைக்கு வேறு ஆள் வருவார் என்பதால் கடைக்கு நஷ்டமில்லை. பக்கத்தில் வேலை பார்ப்பவர்களும் தெருவாசிகளும் நிறைந்திருக்கும் கடைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள், மெனுவைப் பார்க்காமலே ஆர்டர் சொல்பவர்கள் இருந்தால் தைரியமாக உள்ளே போகலாம். மேசையிலிருந்து எடுத்துப் போகும் தட்டுகளையும் கவனியுங்கள். எல்லாத் தட்டிலும் ஒரே பதார்த்தம் மீந்திருந்தால், அதை நீங்கள் ஆர்டர் செய்ய வேண்டாம்.

"போன்ல நாலரை ஸ்டார் காட்டுது. அதை நம்பிப் போகலாமா?"

ஸ்டாரைப் பார்க்காதீர்கள், எழுதியிருப்பதைப் படியுங்கள். ஐந்து கொடுப்பவர் மகிழ்ச்சியில் இருப்பார், ஒன்று கொடுப்பவர் கோபத்தில் இருப்பார். மூன்று கொடுத்தவர்தான் பெரும்பாலும் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று பிரித்துச் சொல்வார். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் மாறினால் கடையே மாறிவிடும், பழைய ஸ்டார்கள் மட்டும் அப்படியே நிற்கும்.

"மெனு கார்டு புத்தகம் மாதிரி இருந்தா பெரிய கடை, எல்லாம் கிடைக்கும்னுதானே அர்த்தம்?"

எல்லாம் கிடைக்கும், ஆனால் எல்லாம் புதிதாகக் கிடைக்காது. இருநூறு பதார்த்தம் எழுதியிருக்கும் கடை அத்தனைக்கும் தினமும் புதிதாகப் பொருள் வாங்க முடியாது. அதிகம் விற்காதவை உறைபெட்டியில் இருக்கும், அல்லது ஒரே அடிப்படைக் குழம்பு ஐந்து பெயரில் வரும். சின்ன மெனு உள்ள கடை, தனக்குக் கைவந்ததை மட்டும் செய்கிறது என்று பொருள். பெரிய மெனுவோடு மாட்டிக்கொண்டால், அந்தக் கடை எதற்குப் பெயர்பெற்றதோ அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

"எத்தனை மணிக்குப் போனா நல்லா இருக்கும்?"

சாப்பாட்டு நேரக் கூட்டம் தொடங்கி அரை மணிக்குள். அப்போது எல்லாம் முதல் ஈடாக இருக்கும், அடுப்புகள் நன்றாகக் காய்ந்திருக்கும், சர்வருக்கும் உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரமிருக்கும். உச்சக் கூட்டத்தில் சாப்பாடு புதிதாக வரும், ஆனால் அவசரம் இருக்கும். இரண்டு வேளைக்கும் நடுவில் உள்ள வெறிச்சோடிய நேரம்தான் மோசம். மத்தியானம் செய்தது ராத்திரிக்காகக் காத்திருக்கும் நேரம் அது. கடை மூடுவதற்குக் கால் மணி முன்னால் போவதும் வேண்டாம். சமையலறை கழுவத் தொடங்கியிருப்பார்கள், நாள் முழுக்க நின்ற மனிதர்களும் களைத்திருப்பார்கள்.

"சமையலறைக்குள்ள போய்ப் பார்க்க முடியாது. சுத்தமான கடையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கை கழுவுமிடத்தில் தொடங்குங்கள். சோப்பு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? வாடிக்கையாளர் கண்ணெதிரே இருக்கும் இடத்திலேயே சோப்பு இல்லை என்றால், உள்ளே வேலை செய்பவர்களுக்கு இருக்கும் என்று நம்ப முடியாது. அடுத்து மேசை துடைக்கும் துணி. ஒரே ஈரத்துணியால் பத்து மேசையைத் துடைத்து, அதையே தோளில் போட்டுக்கொண்டு, அதாலேயே தட்டின் ஓரத்தையும் துடைத்தால், அந்தத் துணி பத்து மேசையின் கிருமியையும் உங்கள் தட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. கல்லாவில் காசு வாங்கும் கையே அப்படியே சாப்பாட்டையும் எடுத்து வைக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் சூடு. கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறக்குறைய 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையில். எனவே சூடாக வைக்க வேண்டியது 60க்கு மேல் இருக்க வேண்டும், குளிராக வைக்க வேண்டியது 5க்குக் கீழே இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் தேவையில்லை. பரிமாறும் பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்போது ஆவி எழுகிறதா என்று பாருங்கள். மேலே ஆடை படிந்து, ஓரங்கள் காய்ந்து, எண்ணெய் தனியாகப் பிரிந்து அசையாமல் கிடந்தால் அது நெடுநேரமாக வெதுவெதுப்பில் இருக்கிறது. விலகிவிடுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்ட உணவால் ஆண்டுதோறும் சுமார் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். வீட்டுச் சாப்பாடும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். இதைத் தவிர்க்க அந்த நிறுவனம் சொல்லும் ஐந்து வழிகளும் எளிமையானவை: சுத்தம், பச்சையையும் வெந்ததையும் தனியாக வைப்பது, நன்றாக வேகவைப்பது, சரியான சூட்டில் வைப்பது, நல்ல தண்ணீரும் நல்ல பொருளும் பயன்படுத்துவது.

"சர்வர்கிட்ட என்ன நல்லா இருக்கும்னு கேட்டா, எல்லாமே நல்லா இருக்கும்னுதான் சொல்றார். எதுக்குக் கேட்கணும்?"

கேள்வியை மாற்றிக் கேளுங்கள். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது "இது நன்றாக இருக்காது" என்று எந்தச் சர்வரும் சொல்ல முடியாது. "இப்போ சூடா எது இறங்குது?", "இங்கே வழக்கமா வர்றவங்க எதைக் கேட்பாங்க?", "சீக்கிரம் தீர்ந்து போறது எது?" என்று கேட்டுப் பாருங்கள். இவை கருத்துக் கேட்கும் கேள்விகள் அல்ல, தகவல் கேட்கும் கேள்விகள். தகவலை அவர் தயங்காமல் சொல்வார். இரண்டு பதார்த்தத்தைச் சொல்லி "ரெண்டுல எது?" என்று கேட்டாலும் உண்மையான பதில் வரும்.

அவர் முகத்தைப் பார்த்து, மரியாதையாகப் பேசிக் கேளுங்கள். நாள் முழுக்க விரல் சொடுக்கிக் கூப்பிடப்படுகிற மனிதர் அவர். அன்பாகக் கேட்கிறவருக்கு "அது வேண்டாம் சார், இதை வாங்கிக்கோங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

"நாலு பேர் போறோம். எவ்வளவு ஆர்டர் பண்றதுன்னே தெரியாம எப்பவும் மிச்சமாகுது."

இரண்டு தவணையாக ஆர்டர் செய்யுங்கள். பசியோடு உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாமே வேண்டும் போலத் தோன்றும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட இருபது நிமிடம் வரை ஆகும். முதலில் ஆட்களைவிட ஒன்று குறைவாகச் சொல்லுங்கள், நாலு பேருக்கு மூன்று. அது தீரும்போது பசி இருந்தால் அடுத்தது. இரண்டாவது தவணையும் சூடாக வரும் என்பது கூடுதல் லாபம். மொத்தமாகச் சொன்னால் கடைசித் தட்டு எப்போதும் ஆறிப்போய்த்தான் வாய்க்கு வரும்.

வேறு வேறு பதார்த்தங்களாக வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுவதை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரே பதார்த்தத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதன்மேல் உள்ள ஆசை மட்டும் குறையும், வேறு ருசியின்மேல் குறையாது. 1981இல் பார்பரா ரோல்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் இனிப்புக்கு இடம் இருப்பது இதனால்தான். பகிர்ந்து சாப்பிடும்போது ஒவ்வொன்றிலும் முதல் சில வாய்கள், அதாவது மிக ருசியான வாய்கள், எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஆனால் இதே காரணத்தால் வகை கூடக் கூட அளவும் கூடும், அதனால் தட்டுகளின் எண்ணிக்கையில் கவனம் வேண்டும்.

"வீட்டுல அதே சாமானைப் போட்டு அதே மாதிரி செஞ்சாலும் கடை ருசி வர மாட்டேங்குதே. என்ன ரகசியம்?"

முதல் காரணம் தீ. கடை அடுப்பு வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு சூடு தரும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. உணவின் மேல்பரப்பு காய்ந்து 140 டிகிரி அளவுக்குப் போனால்தான் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து அந்தப் பொன்னிறமும் மணமும் வரும். பிரெஞ்சு வேதியியலர் லூயி கமில் மெய்லார்ட் 1912இல் விளக்கியதால் இது மெய்லார்ட் வினை எனப்படுகிறது. வீட்டில் சின்னச் சட்டியில் காயை நிறையப் போட்டால், காய் விடும் தண்ணீரை வற்றவைக்கவே அடுப்பின் சக்தி போய்விடும், வதங்க வேண்டியது வெந்துவிடும். கடையில் அதே காய் சட்டியில் விழுந்ததும் 'சொய்ங்' என்று சத்தம் வரும், கடைசிவரை அந்தச் சத்தம் அடங்காது. அந்தச் சத்தம் அடங்கினால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டிலும் சட்டியை நன்றாகக் காயவைத்து, பாதிப் பாதியாகப் போட்டு வதக்கிப் பாருங்கள். பாதி ரகசியம் அதுதான்.

மீதிப் பாதி உப்பும் கொழுப்பும். நாம் வீட்டில் போடக் கை கூசும் அளவுக்கு அவர்கள் போடுவார்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றுக் குறைவு. கடையில் ஒரு வேளையிலேயே அதில் பெரும்பகுதி போய்விடலாம். எப்போதாவது சாப்பிடுபவருக்குக் கவலையில்லை. தினமும் வெளியில் சாப்பிடுபவர்களும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் குழம்பையும் சட்னியையும் தனிக் கிண்ணத்தில் கேட்டு, தொட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது. உப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

"கடையில அஜினோமோட்டோ போடறாங்களாமே? அது விஷம்னு சொல்றாங்க."

விஷம் இல்லை. 1908இல் டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற வேதியியலர், கடற்பாசி வேகவைத்த சாற்றின் ருசிக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அதன் சோடிய உப்புதான் இந்தத் தூள். பழுத்த தக்காளி, பாலாடைக்கட்டி, காளான், ஏன் தாய்ப்பாலிலும்கூட இயற்கையாகவே குளூட்டமேட் இருக்கிறது. 1968இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதம்தான் பயத்தைக் கிளப்பியது. பிறகு நடந்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில் அந்தப் பாதிப்பு சீராக உறுதியாகவில்லை. சாப்பாடு இல்லாமல் மொத்தமாக 3 கிராம் போலக் கொடுத்தபோது சிலருக்கு மட்டும் தலைவலி, உடல் சூடேறுதல் போன்றவை சிறிது நேரம் வந்தன. உங்களுக்கு அப்படி வருவதாகத் தெரிந்தால் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

என் குறை வேறு. பொருள் மட்டமாக இருக்கும்போது அதை மறைக்கவும் இந்தத் தூள் உதவும். சாப்பிட்டு முடித்த பின் எந்தப் பதார்த்தத்தின் ருசியும் தனியாக நினைவில் இல்லாமல், எல்லாம் ஒரே ருசியாகத் தோன்றினால் அந்தக் கடையில் சமையலைவிடத் தூள்தான் அதிகம் வேலை செய்கிறது.

"பழைய எண்ணெயில பொரிச்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். நல்ல எண்ணெயில் பொரித்தால் பொரித்த பொருளின் வாசனை வரும். பழைய எண்ணெயில் எது பொரித்தாலும் ஒரே காறல் வாடை. நிறம் உள்ளே வேகுமுன்னே வெளியே கறுத்திருக்கும், விரலில் எடுத்தால் பிசுபிசுப்பு விடாது, சாப்பிட்ட பின் தொண்டையில் ஒரு கரகரப்பு நிற்கும். வாசலில் பொரிக்கும் கடையானால் சட்டியைப் பாருங்கள். பதார்த்தத்தை எடுத்த பிறகும் நுரை அடங்காமல் மேலே பொங்கிக்கொண்டே இருந்தால் அந்த எண்ணெய் முடிந்துவிட்டது. இந்தியா உட்படப் பல நாடுகளில் எண்ணெய் சிதைந்து உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று விதி இருக்கிறது. அதை அளக்கக் கருவி வேண்டும். நமக்கு மூக்கு போதும்.

"காரம் தாங்காம தண்ணி குடிச்சா இன்னும் எரியுது. என்ன பண்றது?"

பாலோ தயிரோ கேளுங்கள். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான காப்சைசின் தண்ணீரில் கரையாது, தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். உண்மையில் மிளகாய் நாக்கைச் சுடுவதில்லை. சூட்டை உணரும் நரம்பு ஏற்பியையே அது தூண்டிவிடுகிறது. அந்த ஏற்பியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூடான சூப்பில் காரம் ஏறித் தெரிவதும் இதனால்தான், சூடும் காரமும் ஒரே கதவைத் தட்டுகின்றன.

"குடிக்கிறதை எப்போ வாங்கறது? முன்னாடியா, கூடவா, கடைசியிலயா?"

என் பழக்கம்: கூடத் தண்ணீர், மற்றதெல்லாம் கடைசியில். இனிப்பான பானத்தை முதலில் குடித்தால் நாக்கு இனிப்புக்குப் பழகி, அடுத்து வருவது சப்பென்று இருக்கும். கூடவே ஏதாவது வேண்டும் என்றால் இனிப்புக் குறைந்த, லேசான புளிப்புள்ள பானம் வாங்குங்கள். எண்ணெய்ப் பதார்த்தத்துக்கு நடுவே ஒரு வாய் குடித்தால் நாக்கு சுத்தமாகி, அடுத்த வாய் மறுபடி முதல் வாய் போல இருக்கும். மிகக் குளிர்ந்த பானத்தில் இனிப்பு மட்டாகத் தெரியும் என்பதால் கடைகள் சர்க்கரையைக் கூடப் போடுகின்றன. ஐஸ் கரைந்து வெதுவெதுப்பான மிச்சத்தைக் குடித்துப் பாருங்கள், எவ்வளவு போட்டார்கள் என்று அப்போது தெரியும்.

டீயும் காபியும் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ரத்தச்சோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் காபி கேட்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், உடம்பில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்.

மது குடிப்பவர்கள் வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மது மெதுவாகத்தான் சிறுகுடலுக்குப் போகும், ரத்தத்தில் மெதுவாக ஏறும். காபியோ குளிர்ந்த தண்ணீரோ போதையை இறக்காது, ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். வண்டி ஓட்டப்போகிறவர் அன்றைக்கு மதுவைத் தொடவே கூடாது.

"ஜூஸ் குடிச்சா வயிறு கெடுது. ஐஸ்ல இருக்கிற குளிர்ல கிருமி செத்துப் போயிடாதா?"

சாகாது. குளிர் பெரும்பாலான கிருமிகளைத் தூங்கத்தான் வைக்கும். வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸ் உறைநிலையிலும் தாங்கும். எந்தத் தண்ணீரில் ஐஸ் செய்தார்களோ அந்தத் தண்ணீரைத்தான் நீங்கள் குடிக்கிறீர்கள். தண்ணீரை நம்பாத இடத்தில் ஐஸையும் நம்பாதீர்கள். மூடி திறக்காத பாட்டிலோ கொதிக்கக் கொதிக்க டீயோ வாங்கிக்கொள்ளுங்கள். ஐஸை அள்ளிப் போடுவது கரண்டியா கையா என்பதையும் பாருங்கள்.

"எனக்கு வேர்க்கடலை அலர்ஜி. கடையில சொன்னா 'அதெல்லாம் போடல'ங்கிறாங்க. நம்பலாமா?"

அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் புரிந்துகொண்டது போதாது. கடலை போட்ட பதார்த்தம் பொரித்த அதே எண்ணெய், அதே கரண்டி, அதே அரைக்கும் ஜார் வழியாகவும் அது வந்து சேரும். மேலே தூவியதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதனால் "எனக்கு வேர்க்கடலை பிடிக்காது" என்று சொல்லாதீர்கள். "சாப்பிட்டா மூச்சு அடைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். சர்வரிடம் சொன்னால் போதாது, சமையல் செய்பவர் காதுக்குப் போக வேண்டும். மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த எண்ணெய், அதே சட்டியில் வேறு என்ன பொரிக்கிறீர்கள், மசாலா இங்கே அரைத்ததா வாங்கியதா?

சில இடங்களில் சட்டமே துணைக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்களும் தகவல் தர வேண்டும். மற்ற இடங்களில் நீங்கள்தான் கேட்க வேண்டும். பதிலில் தயக்கம் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கடும் அலர்ஜி வந்தால் உடனே போட்டுக்கொள்ளும் எபிநெஃப்ரின் ஊசியை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது கைப்பையில் இருக்க வேண்டும், வண்டியில் அல்ல.

"வந்தது சரியா வேகல, இல்ல வேற ஏதோ வந்துடுச்சு. திருப்பி அனுப்பினா மரியாதையா இருக்குமா?"

தாராளமாக அனுப்பலாம், ஆனால் இரண்டாவது வாய்க்குள். முக்கால்வாசி சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது. "நல்லா இல்லை" என்று மொட்டையாகச் சொல்லாமல், "நடுவில் பச்சையா இருக்கு, இன்னும் கொஞ்சம் வேகணும்" என்று குறையைக் காட்டுங்கள். கறி, மீன், முட்டை விஷயத்தில் தயக்கமே கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு அரைவேக்காடு மற்றவர்களைவிட அதிகம் கெடுதல் செய்யும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டுமே காரணம் என்றால் அனுப்பாதீர்கள், அடுத்த முறை வேறொன்று வாங்குங்கள்.

"அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனா சத்தத்துல அவங்களுக்கு ஒண்ணும் கேட்கல, சரியாச் சாப்பிடவும் மாட்டேங்கறாங்க."

இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். விமானத்துக்குள் இருப்பது போன்ற பேரிரைச்சலில் இனிப்பு மங்கலாகத் தெரிகிறது என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2015இல் காட்டியது. வயதாக ஆக மோப்பமும் ருசியும் குறைவதும் சேர்ந்துகொள்ளும். மேசையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒலிபெருக்கி, சமையலறைக் கதவு, கை கழுவுமிடம் மூன்றிலிருந்தும் தள்ளி, மூலையில் கேளுங்கள். அவர்களைச் சுவரோரமாக உட்கார வைத்தால் பின்னாலிருந்து வரும் இரைச்சல் குறையும், உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். உச்சக் கூட்டம் சேருமுன் போய்விடுவதும் உதவும், நேரம் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

"தனியா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமா இருக்கு."

உங்களை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் தங்கள் தட்டைத்தான் பார்க்கிறார்கள். தனியாகப் போகும்போதுதான் சமையலறை தெரியும் இடத்தில் இடம் கிடைக்கும், கேட்டதும் சூடாக வரும், வந்ததும் சாப்பிடலாம். ருசியைக் கவனித்துச் சாப்பிட இதைவிட நல்ல வழி இல்லை.

"பில் கொடுக்கும்போது எப்பவும் சங்கடம். எப்படிப் பிரிச்சுக்கிறது?"

ஆர்டர் செய்யுமுன் பேசிவிடுங்கள். சமமாகவா, அவரவர் சாப்பிட்டதற்கா என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொன்னால் பின்னால் மனக்கசப்பு இல்லை. பில் வந்ததும் ஒரு முறை வரிவரியாகப் பாருங்கள். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் டிப்ஸ் தனியாகக் கட்டாயமில்லை. உங்களை நன்றாகக் கவனித்தவருக்குக் கொடுப்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

"மிச்சத்தைப் பார்சல் கட்டிட்டு வர்றோம். எவ்வளவு நேரம் வரைக்கும் சாப்பிடலாம்?"

மேசைக்கு வந்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டிக்குப் போக வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். நீங்கள் உட்கார்ந்து பேசிய நேரமும் இந்தக் கணக்கில் சேரும், பலர் மறப்பது இதைத்தான். சாப்பிட்ட பிறகு சினிமா, கடைவீதி என்று போகத் திட்டமிருந்தால் பார்சல் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி வைத்தால் நடுப்பகுதியும் சீக்கிரம் ஆறும். மூன்று நாலு நாளுக்குள், உள்ளே 74 டிகிரி வரும்படி ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

சோற்றில் மட்டும் கூடுதல் கவனம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் வேகும்போதும் சாவதில்லை. வெளியே வைத்த சோற்றில் அவை முளைத்து ஒரு நச்சைச் சுரக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் நெடுநேரம் வெளியே கிடந்த சோற்றைச் சூடாக்கிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், கெட்ட வாடை வராவிட்டாலும்.

"நேத்து ராத்திரி வெளியில சாப்பிட்டேன், இன்னைக்கு வயிறு போகுது. அந்தக் கடைதானே காரணம்?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின் மேல்தான் எல்லோரும் பழி போடுவார்கள், ஆனால் கிருமிக்குக் கிருமி நேரம் வேறு. ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கவைக்கும். மேலே சொன்ன சோற்று நச்சு 1 முதல் 6 மணி நேரம். நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம். சால்மோனெல்லா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை எடுத்துக்கொள்ளும், கேம்பிலோபாக்டர் 2 முதல் 5 நாள். அதனால் முந்தாநாள் வீட்டில் சாப்பிட்டதும் காரணமாக இருக்கலாம். கூடச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் அதே நேரத்தில் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். வந்திருந்தால் கடைக்கும், உங்கள் ஊர் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் சொல்லுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வயிறு சரியாகும்வரை உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மலத்தில் ரத்தம், 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், மூன்று நாளைத் தாண்டிய பேதி, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவ்வளவு காத்திருக்கவே கூடாது.

"ரொம்ப நாளாப் போற கடை. இப்போ ருசி குறைஞ்ச மாதிரி இருக்கு. சொல்லலாமா, இல்ல பேசாம வேற கடைக்குப் போயிடலாமா?"

சொல்லுங்கள். பிடித்த கடைக்கு ஒரு வாடிக்கையாளர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். முதலில் மாறியது கடைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சளி பிடித்திருந்தாலோ, வழக்கமான நேரம் தப்பிப் போயிருந்தாலோ அதே சாப்பாடு வேறாகத் தெரியும். உங்கள் வழக்கமான நேரத்துக்கு இன்னொரு முறை போய், அதே பதார்த்தத்தைச் சாப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், கல்லாவில் கூட்டம் இல்லாதபோது முதலாளியிடம் தனியாகப் பேசுங்கள். "முன்ன மாதிரி இல்லை" என்றால் அவருக்கு எதைச் சரிசெய்வது என்று தெரியாது. "போன மாசத்திலிருந்து பொரிச்சதுல ஒரு வாடை வருது, எண்ணெய் மாத்தினீங்களா?" என்று கேட்டால் அன்றைக்கே உள்ளே போய்ச் சட்டியைப் பார்ப்பார். மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார், பத்து நாளில் வந்துவிடுவார் என்று பதில் வந்தால், பத்து நாள் கழித்துப் போங்கள்.